அடுத்தது எதைப் பார்ப்பது? ‘கன்டம்’ தொடரின் 46 ஆண்டு வரலாறு



உங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருந்தால் ‘அனிமே’ என்றால் என்ன என்று இந்தப் பக்கத்தில் விளக்க வேண்டியதில்லை. விடுமுறை நாட்களில் வரவேற்பறை டி.வி. யார் கையில் இருக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகளில் பலர் 2022-ல் வந்த ‘விட்ச் ஃப்ரம் மெர்க்குரி’யையோ 2025-ல் வந்த ‘ஜிக்வாக்ஸ்’ தொடரையோ பார்த்துவிட்டு ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். இரண்டும் ‘கன்டம்’ என்ற பெரிய குடும்பத்தின் கடைக்குட்டிகள். மேலே அண்ணன்மார், அக்காமார், பெரியப்பா, தாத்தா என்று 1979 வரை போகிறது வரிசை. தொலைக்காட்சித் தொடர்கள், வீடியோ படங்கள், திரைப்படங்கள் எல்லாம் சேர்த்தால் பல நூறு மணி நேரம். இதில் அடுத்தது எதைப் பார்ப்பது?

(பெயரை நாம் சொன்னால் ‘கண்டம்’ என்றுதான் வாயில் வரும். ஜோசியர் சொல்கிற கண்டம் அல்ல, பயப்பட வேண்டாம். ஜப்பானியர் ‘கண்டாமு’ என்கிறார்கள்.)

பிள்ளைகள் பெரும்பாலும் கதைக்குள் இருக்கும் ஆண்டுக்கணக்கை எடுத்துக்கொண்டு, முதலில் நடந்ததை முதலில் பார்க்கலாம் என்று தொடங்குகிறார்கள். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் அந்த வழி பல இடங்களில் ஏமாற்றிவிடும். எது எப்போது, யாருக்காக, ஏன் எடுக்கப்பட்டது என்று தெரிந்துகொண்டால் வரிசை தானாகவே விளங்கும். அதற்காகத்தான் இந்த வரலாறு.

பொம்மை விற்க வந்த கதை

1970-களில் ஜப்பானியத் தொலைக்காட்சியில் ராட்சத ரோபோ கதைகளுக்குப் பெரிய சந்தை இருந்தது. 1972-ல் வந்த ‘மாஸிங்கர் இசட்’ அதற்கு வழி போட்டது. பொம்மைக் கம்பெனி பணம் போடும், ஸ்டூடியோ கதை எடுக்கும், வாரம் ஓர் அரக்கன் வருவான், ரோபோ அவனை அடிக்கும், பிள்ளைகள் கடையில் அந்த ரோபோவைக் கேட்பார்கள். எல்லோருக்கும் லாபம்.

1979 ஏப்ரல் 7 அன்று நகோயா தொலைக்காட்சி வழியாக ஒளிபரப்பான ‘மொபைல் சூட் கன்டம்’ தொடரும் அப்படித்தான் பிறந்தது. பணம் போட்டது க்ளோவர் என்ற பொம்மைக் கம்பெனி. எடுத்தது சன்ரைஸ் ஸ்டூடியோ. இயக்கியவர் யோஷியுகி டொமினோ. 1941-ல் பிறந்தவர், ஒசாமு தெஸுகாவின் ஸ்டூடியோவில் தொழில் கற்றவர். பாத்திரங்களை வரைந்தவர் யோஷிகாசு யாசுஹிகோ. இயந்திரங்களை வடிவமைத்தவர் குனியோ ஒகாவரா.

இவர்கள் பொம்மைக் கம்பெனி கேட்டதைக் கொடுத்தார்கள். வெள்ளை, நீலம், சிவப்பு, மஞ்சள் என்று கண்ணைப் பறிக்கும் ரோபோ இருந்தது. ஆனால் எதிரே நிற்க அரக்கனை வைக்கவில்லை, மனிதர்களை வைத்தார்கள். விண்வெளியில் மிதக்கும் குடியேற்றங்களில் ஒன்று ‘ஜியோன்’ என்ற பெயரில் தனி நாடாகி, பூமியின் அரசுக்கு எதிராகப் போர் தொடுக்கிறது. போர் தொடங்கிச் சுமார் ஒரு மாதத்திலேயே மனித குலத்தில் பாதி அழிந்துவிடுகிறது. கதை தொடங்குவதே அதற்குப் பிறகுதான். ரோபோவை ஓட்டுபவன் அமுரோ ரே, 15 வயது. அவன் வீரனாக வேண்டும் என்று புறப்பட்டவன் அல்ல. ஊர் தாக்கப்பட்டு, அகதிகளோடு ஒரு கப்பலில் ஏறி, வேறு ஆளில்லாததால் ஓட்டுகிறான்.

இந்தத் தொடரில் ஓர் இடம் உண்டு. அமுரோ பல காலத்துக்குப் பிறகு தன் அம்மாவைப் பார்க்கப் போகிறான். அங்கே வந்த எதிரி வீரனைத் தன் தாயின் கண் எதிரிலேயே சுடுகிறான். அம்மா பதறிப்போகிறாள். உயிரோடு வந்தானே என்ற நிம்மதியைவிட, தன் பிள்ளை எப்படி இப்படி ஆனான் என்ற அதிர்ச்சிதான் அவளுக்கு. ரோபோ பொம்மை வாங்க வேண்டிய எட்டு வயதுப் பிள்ளைக்கு இந்தக் காட்சி எப்படிப் பிடிக்கும்?

பிடிக்கவில்லை. பார்வையாளர் எண்ணிக்கை குறைவு, பொம்மை விற்பனையும் சுமார். 52 வாரம் என்று திட்டமிட்டிருந்த தொடரை 43 வாரத்தோடு முடிக்கச் சொல்லிவிட்டார்கள். 1980 ஜனவரி 26-ல் கடைசிப் பகுதி ஒளிபரப்பானது.

தோற்ற தொடர் பிழைத்த விதம்

அதன் பிறகு இரண்டு விஷயங்கள் நடந்தன. மறு ஒளிபரப்பில் தொடர் புதிய ஆட்களைப் பிடித்தது. இவர்கள் சின்னப் பிள்ளைகள் அல்ல. உயர்நிலைப் பள்ளி, கல்லூரி மாணவர்கள். அடுத்து, 1980 ஜூலையில் பண்டாய் நிறுவனம் 300 யென் விலையில் ஒரு பிளாஸ்டிக் மாடல் விட்டது. துண்டு துண்டாக இருக்கும், நாமே ஒட்டிச் சேர்க்க வேண்டும். விளையாட்டுச் சாமானாக விற்காத ரோபோ, போர் விமான மாடல் போலச் சேர்த்து வைக்கும் பொருளாக விற்றுத் தீர்ந்தது. இன்று நம் ஊர்ப் பிள்ளைகளும் இணையத்தில் வாங்கி ஒட்டுகிற ‘கன்ப்ளா’ அதன் வழித்தோன்றல்தான்.

1981 மார்ச், 1981 ஜூலை, 1982 மார்ச் என்று தொடரைச் சுருக்கி மூன்று திரைப்படங்கள் வந்தன. முதல் படத்துக்கு முன்பாக, 1981 பிப்ரவரி 22 அன்று தோக்கியோவின் ஷின்ஜுகுவில் நடந்த விழாவில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் கூடினார்கள். அனிமேயின் புதிய யுகம் பிறந்துவிட்டது என்று அங்கே மேடையில் அறிவித்தார்கள். குழந்தைகளுக்கான பண்டம் என்று ஒதுக்கப்பட்ட கலை, வளர்ந்தவர்களின் கலையாகத் தன்னை அறிவித்துக்கொண்ட நாள் அது.

முதல் ஆலோசனை இங்கேதான். புதிதாகத் தொடங்குபவர்கள் இந்த மூன்று படங்களைப் பாருங்கள். 43 பகுதிகளுக்குச் சுமார் 17 மணி நேரம் ஆகும்; படங்கள் மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய 7 மணி நேரம். நேரம் மட்டும் காரணம் அல்ல. பொம்மைக் கம்பெனிக்காகத் தொடரில் நுழைத்த ஓர் உபரி வாகனத்தைப் படங்களில் எடுத்துவிட்டார்கள். தொடரின் பிற்பகுதியில் யாசுஹிகோ நோய்வாய்ப்பட்டு விலகியிருந்தார். குணமாகி வந்து, மூன்றாம் படத்துக்காக நிறையக் காட்சிகளைப் புதிதாக வரைந்து சேர்த்தார். படம் பழசு, கோடுகள் எளிமை. பிள்ளைகள் முதல் அரை மணி நேரம் முகம் சுளிப்பார்கள். அம்மாவைப் பார்க்கும் காட்சி வரை உட்கார்ந்துவிட்டால் பிறகு எழுந்திருக்க மாட்டார்கள்.

பார்வையாளரோடு வளர்ந்த கதை

1985-ல் ‘ஜீட்டா கன்டம்’ வந்தது. 50 பகுதிகள். கதையில் எட்டு ஆண்டுகள் கடந்திருக்கின்றன. முதல் தொடரில் வென்ற பூமி அரசே இப்போது அடக்குமுறையில் இறங்கியிருக்கிறது. நல்லவர் கட்சி என்று நாம் நினைத்தது அப்படி இல்லை. 1979-ல் பள்ளியில் இருந்தவர்கள் இப்போது வேலைக்குப் போகிறவர்கள். அவர்களுக்காகவே எழுதிய கதை. அமுரோவையும் அவன் எதிரி ஷாரையும் தெரியாமல் இதைப் பார்த்தால் பாதி சாரம் போய்விடும்.

1986-ல் ‘டபுள் ஜீட்டா’, 47 பகுதிகள். வேடிக்கையாகத் தொடங்கிப் பிறகு கனமாகிறது. 1988 மார்ச்சில் வந்த ‘ஷார்ஸ் கவுன்டர்அட்டாக்’ திரைப்படம் அமுரோ, ஷார் இருவரின் பகையை முடித்துவைத்தது. இந்த நான்கும் ஒரே மாலை. எடுத்த வரிசையும் கதை நடக்கும் வரிசையும் இங்கே ஒன்றுதான், குழப்பமே இல்லை.

ஓர் எச்சரிக்கை: ஜீட்டாவையும் 2005, 2006-ல் மூன்று படங்களாகச் சுருக்கினார்கள். அவற்றின் முடிவை மாற்றிவிட்டார்கள். டபுள் ஜீட்டா பார்க்க நினைப்பவர்கள் ஜீட்டாவைத் தொடராகவே பாருங்கள்.

குழப்பம் தொடங்கிய இடம்

1989 கன்டமின் பத்தாம் ஆண்டு. அப்போது வீடியோ கேசட் காலம். டி.வி.யைத் தவிர்த்து நேராகக் கேசட்டில் வெளியான ‘வார் இன் த பாக்கெட்’ ஆறே பகுதிகள். இயக்கியவர் ஃபுமிஹிகோ தகாயாமா; டொமினோ இயக்காத முதல் கன்டம் கதை. கதை நடப்பது பின்னோக்கிப் போய், முதல் தொடரின் அதே போர்க்காலத்தில். அடுத்து 1991-ல் ‘ஸ்டார்டஸ்ட் மெமரி’, முதல் தொடருக்கும் ஜீட்டாவுக்கும் இடையிலான இடைவெளியை நிரப்பியது. 1996-ல் தொடங்கிய ‘08-வது எம்.எஸ். டீம்’ மறுபடியும் முதல் போருக்கே போனது. 2015 முதல் 2018 வரை வந்த ‘தி ஆரிஜின்’ அதற்கும் முன்னால் போய் ஷாரின் சிறுவயதைச் சொன்னது.

கதையின் ஆண்டுக்கணக்கை வைத்துப் பார்த்தால் ‘தி ஆரிஜின்’தான் முதலில் வர வேண்டும். ஆனால் ஷார் யார், அவன் நெஞ்சில் என்ன வஞ்சம் இருக்கிறது என்பதை 1979 தொடர் மெல்ல மெல்ல அவிழ்க்கிறது. ‘தி ஆரிஜின்’ அதையே தொடக்கமாக வைத்துக்கொள்கிறது. ஏனென்றால் அதைப் பார்ப்பவருக்கு ரகசியம் ஏற்கெனவே தெரியும் என்று நம்பி எடுத்தது. முடிச்சு தெரிந்தவருக்குச் சொல்லும் கதையை முடிச்சு தெரியாதவர் முதலில் பார்த்தால் இரண்டும் கெட்டுப்போகும்.

கல்கி வாசகர்களுக்கு இது புதிதல்ல. ‘பார்த்திபன் கனவு’ கதைப்படி ‘சிவகாமியின் சபத’த்துக்குப் பின்னால் நடப்பது, ஆனால் கல்கி முதலில் எழுதியது அதைத்தான். எந்த வரிசையில் படித்தாலும் புரியும். ஆனாலும் ஆசிரியர் எழுதிய வரிசையில் படித்தால் அவர் வாசகரை எங்கே நிற்க வைத்துப் பேசினாரோ அங்கேயே நாமும் நிற்போம்.

கிளை பிரிந்த ஆண்டு

1993-ல் டொமினோ ‘விக்டரி கன்டம்’ எடுத்தார். நாயகனுக்கு 13 வயது. கன்டம் கதைகளில் மிகவும் துயரமானவற்றில் ஒன்று. 1994-ல் சன்ரைஸ் ஸ்டூடியோ பண்டாய் நிறுவனத்தின் கைக்குப் போனது. அதே ஆண்டில்தான் பழைய உலகத்தை முழுதாக விட்டுவிட்டு ஒரு புதுக் கதை வந்தது. யாசுஹிரோ இமகாவா இயக்கிய ‘ஜி கன்டம்’. போருக்குப் பதிலாக நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நாடுகள் ஒரு கன்டம் அனுப்பி மல்லுக்கட்டும் கதை. இந்தியாவின் ரோபோவுக்குப் பெயர் ‘கோப்ரா கன்டம்’! நம்மைப் பற்றி உலகம் நினைப்பது பாம்பைத் தாண்டவில்லை என்று சிரித்துக்கொள்ளலாம்.

பழைய ரசிகர்கள் கோபித்துக்கொண்டார்கள். ஆனால் அன்று பிரிந்த கிளையால்தான் மரம் இன்றும் தழைக்கிறது. 1995-ல் ‘விங்’, 1996-ல் ‘எக்ஸ்’, ஒவ்வொன்றும் தனி உலகம், தனி ஆண்டுக்கணக்கு. முந்தியது எதுவும் தெரிய வேண்டாம். ‘விங்’ 2000-ல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்குப் போய், ஜப்பானுக்கு வெளியே பலருக்கு முதல் கன்டம் ஆனது. 1999-ல், இருபதாம் ஆண்டில், டொமினோ ‘டர்ன் ஏ கன்டம்’ எடுத்தார். ‘பிளேடு ரன்னர்’ படத்தில் வேலை செய்த அமெரிக்க வடிவமைப்பாளர் சிட் மீட், இதில் ரோபோவுக்கு மீசை வைத்தார். நிதானமான, அழகான கதை. நிறையப் பார்த்தவர்கள் கடைசியாகப் பார்த்தால் அதன் அருமை தெரியும்.

2002-ல் ‘சீட்’ வந்தது. 1979 கதையின் சட்டகத்தை எடுத்து, மரபணு மாற்றிய மனிதருக்கும் இயற்கை மனிதருக்கும் நடக்கும் போராக மாற்றியது. 2007-ல் ‘டபுள் ஓ’. போரை ஒழிக்க ஆயுதத்தோடு இறங்குகிறவர்களின் கதை, நாயகன் ஒரு முன்னாள் குழந்தைப் போராளி. 2015-ல் ‘அயர்ன் பிளட்டட் ஆர்ஃபன்ஸ்’. செவ்வாய்க் கோளில் கூலிக்கும் போருக்கும் விற்கப்படும் சிறுவர்கள். அவர்கள் முதுகில் பதிக்கும் கருவிக்கு ‘ஆலய விஞ்ஞானம்’ என்ற பௌத்தத் தத்துவச் சொல்லையே பெயராக வைத்திருக்கிறார்கள். 2022-ல் ‘விட்ச் ஃப்ரம் மெர்க்குரி’. ஆயுதக் கம்பெனிகள் நடத்தும் பள்ளிக்கூடத்தில் கதை. தொலைக்காட்சி கன்டம் தொடர்களில் ஒரு பெண் முதன்மைப் பாத்திரமானது இதில்தான்.

2025-ன் ‘ஜிக்வாக்ஸ்’ மறுபடியும் வேருக்கே திரும்பியது. முதல் போரில் ஜியோன் வென்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்விதான் அதன் கரு. 1979 கதை தெரியாத பிள்ளைகளும் ரசித்தார்கள். தெரிந்தவர்களுக்கு ஒவ்வொரு காட்சியிலும் ஒரு மறுபக்கம் தெரிந்தது.

ஆகவே, அடுத்தது?

‘ஜிக்வாக்ஸ்’ முடித்தவர்கள்: 1981–82-ன் மூன்று படங்கள். பிறகு ஜீட்டா, டபுள் ஜீட்டா, ‘ஷார்ஸ் கவுன்டர்அட்டாக்’. இதே வரிசையில்.

‘விட்ச் ஃப்ரம் மெர்க்குரி’ முடித்தவர்கள்: தனியாக வந்த ‘ப்ரோலாக்’ பகுதியைப் பார்த்தீர்களா என்று முதலில் சரிபாருங்கள். பட்டியலில் அது சில சமயம் தள்ளி இருக்கும். அடுத்து ‘டபுள் ஓ’ அல்லது ‘சீட்’.

மூன்று படங்களை முடித்து, நீண்ட தொடருக்கு நேரம் இல்லாதவர்கள்: ‘வார் இன் த பாக்கெட்’. மூன்று மணி நேரத்துக்குள் முடியும்.

‘ஷார்ஸ் கவுன்டர்அட்டாக்’ வரை வந்தவர்கள்: 2010-ல் தொடங்கிய ‘யூனிகார்ன்’, அதன்பின் 2021-ன் ‘ஹாதவே’. இவ்விரண்டின் படத் தரத்தைப் பார்த்து முதலிலேயே தொடங்க ஆசை வரும். பொறுத்திருங்கள். பழைய கணக்கு தெரியாமல் இவை விளங்கா.

பத்து வயதுக்குக் கீழ் உள்ளவர்கள்: 2013-ன் ‘பில்ட் ஃபைட்டர்ஸ்’, 25 பகுதிகள். பிள்ளைகள் தாங்கள் ஒட்டிய மாடல்களை மோதவிடும் போட்டிக் கதை. போர் இல்லை.

எந்தத் தளத்தில் எது கிடைக்கும் என்பது அடிக்கடி மாறுவதால் இங்கே எழுதவில்லை.

பெற்றோர் கவனத்துக்கு

படத்தில் ரோபோ இருப்பதாலேயே இது சின்னப் பிள்ளை விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். விக்டரி, ஜீட்டா, ‘அயர்ன் பிளட்டட் ஆர்ஃபன்ஸ்’ மூன்றையும் பத்தாம் வகுப்புக்குப் பிறகு பார்க்கலாம் என்பது என் கருத்து. நமக்குப் பிடித்த பாத்திரங்கள் இவற்றில் சாகிறார்கள், அதுவும் சட்டென்று. குழந்தைகளும் சாகிறார்கள்.

இந்த வரலாற்றில் ஒரு முரண் இருக்கிறது. போர் பிள்ளைகளை என்ன செய்யும் என்று 1979 முதல் சொல்லிவரும் கதை, அந்தப் போர் இயந்திரங்களின் மாடல்களை விற்றுத்தான் உயிரோடு இருக்கிறது. எடுத்தவர்களுக்கும் இது தெரியும். ‘வார் இன் த பாக்கெட்’ அதைப் பற்றியே பேசுகிறது. அதன் நாயகன் 11 வயது ஆல். போர் இன்னும் எட்டிப் பார்க்காத ஊரில் இருக்கிறான். ரோபோ என்றால் உயிர். எதிரிப் படையின் இளம் வீரன் ஒருவனோடு அவனுக்கு நட்பு உண்டாகிறது. சண்டை எப்போது வரும், கிட்ட இருந்து பார்க்கலாமே என்று ஏங்குகிறான். ஆறாம் பகுதியில் சண்டை வருகிறது. அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

முழு வரிசையும் பார்க்க உங்களுக்கு நேரம் இருக்காது. ஆனால் இந்த ஆறு பகுதிகளைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். ஏழாம் வகுப்புக்கு மேல் என்றால் போதும். முடிந்ததும் உடனே டி.வி.யை அணைத்துவிட்டு படுக்கச் சொல்லாதீர்கள். கேள்விகள் வரும். பத்து நிமிடம் ஒதுக்கி வையுங்கள்.

பார்த்தவர்கள், பெரியவரானாலும் சிறுவரானாலும், உங்களுக்குச் சரிப்பட்ட வரிசையை எழுதி அனுப்புங்கள். அடுத்த காலாண்டு இதழில் வெளியிடுவோம். கதை முடிவை மட்டும் எழுதிவிடாதீர்கள். பக்கத்து வீட்டில் யாராவது இப்போதுதான் தொடங்கியிருப்பார்கள்.